பொலி என்ற சொல்லுக்கு நேரே

1

இதை எழுதுவதா விடுவதா என்று வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு வயலுக்கு இறங்கியவன் நான். எழுத்து எனக்கு வராது என்பது ஒரு காரணம், ஆனால் அது சின்னக் காரணம். பெரிய காரணம், இதை ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று ஒரு மனிதர் என் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். அவர் கேட்டது தனக்காக அல்ல. பிள்ளையாருக்குப் படைத்த ஒரு பொங்கலுக்காகக் கேட்டார்.

அது நடந்த நாள் மாசி மாதத்தில் வருகிறது. ஒவ்வொரு வருஷமும் அந்தத் திதியில், சுவிஸில் நாங்கள் இருக்கிற இந்த வீட்டில் சமைக்கிற குசினி மூலையில், பிள்ளையார் படத்துக்கு முன்னால் பூக்கட்டிப் பார்ப்பேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சொல்லலாம், சிவப்பு வந்தால் சொல்லக் கூடாது. கண்ணை மூடி எடுத்துத் தருவது என் மகன் நிரோசன். ஒவ்வொரு முறையும் சிவப்புத்தான் வந்தது.

இந்த வருஷம் நான் பூக் கட்டவில்லை. ஏன் என்பதை வாசித்துக்கொண்டு போனால் விளங்கும்.

2

நிரோசன் இங்கே வரும்போது ஐந்து வயதுப் பிள்ளை. இப்போது என்னைவிட உயரமாக வளரப் பார்க்கிறான். கூட்டாளிகளோடு கதைக்கும்போது அவன் வாயிலிருந்து வருகிற டொச், அதாவது ஜெர்மன் மொழி, எனக்குப் பாதி விளங்காது. எங்களோடு தமிழ்தான் கதைப்பான், ஆனால் கோபம் வந்தால் டொச்சுக்குப் போய்விடுவான். என்ன சொல்லித் திட்டுகிறான் என்று அவனிடமே கேட்டால் மொழிபெயர்த்துத் தருவான். அப்படி மொழிபெயர்க்கும்போது கோபம் ஆறிவிடும். அதையும் ஒரு நன்மையாக எடுத்துக்கொண்டோம்.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம். போன மாதம் அங்கிருந்து ஒரு தாள் கொண்டுவந்தான். ஊர்ச் சொற்களும் அவற்றின் கருத்துகளும். தகப்பன் தாயிடம் காட்டிச் சரிபார்த்து வரச் சொல்லியிருந்தார்கள்.

"அப்பா, களவெட்டி எண்டா களவெடுக்கிற இடமோ?"

"இல்லையடா. வயலுக்குப் பக்கத்திலை வெட்டித் துப்பரவாக்கின களம். அங்கைதான் சூடு அடிக்கிறது."

"ஆருக்கு அடிக்கிறது?"

குசினிக்குள் நின்ற மனைவி சிரித்துவிட்டா. "சொல்லுங்கோ அப்பா, ஆருக்கு அடிச்சனீங்கள்?" என்று அவாவும் சேர்ந்துகொண்டா.

சூடு என்றால் வெட்டிய நெற்கதிரை அடுக்கி வைத்த போர். அதை மாடு விட்டு மிதித்து நெல்லைப் பிரித்தெடுப்பது சூடு அடிப்பது. கொதிக்கிற சூட்டுக்கும் அதற்கும் உறவில்லை என்று விளங்கப்படுத்தினேன். தாளில் அவுரி என்பதற்கு, நீலச் சாயம் எடுக்கும் செடி என்று அகராதி பார்த்து எழுதியிருந்தார்கள். அப்படியும் ஒரு அவுரி உண்டுதான். எங்கள் அவுரி, களத்தில் நெல் தூற்றுகிறவர் ஏறி நிற்கிற கால் வைத்த பலகை. துடக்கு என்பதற்கு, ஆரம்பம் என்று இருந்தது. ஆரம்பத்துக்கு நாங்கள் துடக்கம் என்போம். துடக்கு என்றால் சாவு வீட்டுத் தீட்டு. பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரே முகத்தோடு இருக்கிற, ஆனால் உறவு கொண்டாடாத ஆட்களைப் போல இந்தச் சொற்கள்.

எல்லாவற்றையும் திருத்திக்கொண்டு வந்தவன், கடைசிச் சொல்லில் நின்றுவிட்டேன். மற்றவை அச்சு. அது மட்டும் கையால் எழுதிப் பிரதி எடுத்தது.

"பொலி: நெல்லைக் கண்டதும் மனிதர் மற்றதெல்லாம் மறந்து கூவும் சொல்."

அந்தக் கையெழுத்தை நான் அறிவேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்து ரீச்சர் கோமதி, எங்கள் பக்கத்து வயல்காரர் மாரிமுத்து அண்ணையின் மகள். கலியாணம் செய்து இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருஷம். கோயிலில் கண்டால், "மாமா, சுகமா இருக்கிறீங்களோ?" என்று கேட்பாள். தகப்பனைப் பற்றி ஒரு சொல் கேட்க மாட்டாள்.

3

மாரிமுத்து அண்ணை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபதுகளின் கடைசியில் கலவரத்தில் அடிபட்டு, குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர். புளியங்குளத்துக்குக் கிழக்கே காடு வெட்டி, என் வயலுக்குப் பக்கத்திலே வயல் செய்தார். நாற்று நடுவது முதல் அருவி வெட்டுவது, அதாவது கதிர் அறுப்பது, வரை என் வேலைக்கு அவரும் அவர் வேலைக்கு நானும் போவோம்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் வராமல் உழவு மெசினெல்லாம் மரத்தின் கீழ் துருப்பிடித்தது. எருதுகள் திரும்பக் களத்துக்கு வந்தன. எருதுகளோடு பழைய சொற்களும் வந்தன.

களத்துக்குள் வீட்டுச் சொல் பேசக் கூடாது. அது எங்கள் வழக்கம். நெல் அள்ளுகிற ஓலைக் கடகத்தைக் கடகம் என்று சொல்லாமல் பெருவாயன் என்போம். வைக்கோல் உதறுகிற கம்பு வேலைக்காரன். அளக்கும்போது ஒன்று என்று தொடங்காமல் லாபம் என்று தொடங்குவோம். முடிந்தது, இல்லை, காணாது, செத்தது என்ற சொற்களுக்குக் களத்தில் இடமே இல்லை. பூதம் கேட்டால் நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பார்கள். தூற்றிச் சுத்தமாக விழுகிற நெல்தான் பொலி. அவுரியில் நிற்கிறவர் சுளகை, அதாவது முறத்தை, சரிக்கும்போது "பொலி! பொலி!" என்று குரல் கொடுப்பார். பெருகட்டும் என்று கடவுளிடம் கேட்கிற சொல் அது. நாங்கள் அதை வேண்டுதலாகத்தான் சொன்னோம்.

மாரிமுத்து அண்ணை ஆரம்பத்தில் இதையெல்லாம் பகிடி பண்ணினார்.

"ஏந்தம்பி, கடகத்தைக் கடகம்னு சொன்னா பூதத்துக்குக் கேட்டுருமா? ஒங்க ஊர்ப் பூதத்துக்கு அவ்வளவு நல்ல காதா?"

"உங்கட மலையிலை கொழுந்துக் கூடைக்கு என்ன பேர் அண்ணை?"

"கூடைக்குக் கூடைன்னுதான் பேரு. வேற பேரு வச்சா எங்க தொரைக்கு வெளங்காதுல்ல."

அப்படிச் சிரித்த மனிதர் பிறகு அவுரியில் ஏறினால், எங்கள் ஊரில் பிறந்தவர்கள்கூட அவரளவு கவனமாய் நின்றதில்லை. சோறு சும்மா வருவதில்லை என்று அறிந்தவர்.

அந்தப் பழக்கம் என்னையும் விடவில்லை. இங்கே ஒரு வயோதிபர் மடத்துக் குசினியில் வேலை செய்கிறேன். சோற்றுப் பாத்திரம் வெறுமையானால் "ஃபெர்டிக்" என்று கத்த வேண்டும். முடிந்தது என்று அர்த்தம். ஒரு நாள், அன்னம் இருந்த பாத்திரத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "வரும், வரும்" என்று டொச்சில் சொல்லிவிட்டேன். வெளியே கிழவர்களும் கிழவிகளும் தட்டோடு காத்திருந்தார்கள். தலைமைச் சமையற்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு நான் எதை விளங்கப்படுத்த?

அகதி அலுவலகத்தில் விசாரித்த போதும் இதே கதைதான். அங்கே வயல் இருந்ததா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். எவ்வளவு நெல் வரும் என்று கேட்டார்கள். கடவுள் தந்த அளவு என்றேன். மொழிபெயர்த்த தம்பி தலையில் கை வைத்தார். "அண்ணை, இவங்கள் இலக்கம் கேக்கிறாங்கள்" என்றார். விளைச்சலுக்கு இலக்கம் சொல்லிப் பழக்கமில்லாத வாய் இது.

4

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

மாரி மழையில் விளைந்த காலபோக அறுவடை. என் களத்தில் சூடு. ஓமந்தைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த நாலு குடும்பம் என் வளவில் கொட்டில் போட்டிருந்தது. அவர்களுக்கும் எங்களுக்கும் அடுத்த போகம்வரை அந்த நெல்தான். கப்பலில் வருகிற நிவாரண அரிசியை நம்பி இருக்க முடியாத காலம். மாசியில் வழக்கமாகப் பெய்யாத மழை அந்த வருஷம் இருட்டிக்கொண்டு நின்றது.

மாரிமுத்து அண்ணையின் மனைவி செல்லம்மா மலேரியாக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தா. அவாவோடு மகள் கோமதி. பதினைந்து வயசு. முதல்நாள் காய்ச்சல் விட்டிருந்தது. செல்லம்மாதான் புருஷனை அனுப்பிவிட்டா: "எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க போங்க. தம்பி வீட்டுச் சூட்ட மழைக்கு விட்டுடாதீங்க."

மத்தியானம் அண்ணை அவுரியில் ஏறி நின்றார். நான் கீழே நின்று பெருவாயனைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல காற்று. பதர் ஒரு பக்கம் பறக்க, பொலி நேரே விழுந்தது.

அப்போது சைக்கிள் திருத்துகிற யோகன் வந்தான். களத்தைச் சுற்றிப் போட்டிருந்த சாம்பல் கோட்டுக்கு வெளியே, வரம்பில் நின்றான். உள்ளே வரவில்லை. தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான்.

 களத்துக்கு ஆர் வந்தாலும் உள்ளே வந்து, தங்கள் பங்குக்கு ஒரு பிடி வைக்கோலாவது உதறிவிட்டுத்தான் கதைப்பார்கள்.

அண்ணை மேலே நின்று பார்த்தார். கையிலிருந்த சுளகு அப்படியே நின்றது.

"யோகன் தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க. அந்தா குடத்துல தண்ணி இருக்கு, குடிங்க."

யோகன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

இதை வாசிக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் இழவு சொல்ல வந்தவர் அந்தச் செய்தியைச் சொல்லும்வரை ஒரு இடத்திலும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். எவ்வளவு தாகமென்றாலும் குடிக்க மாட்டார். அண்ணை கேட்டது அதைத்தான். யோகன் சொன்ன மறுமொழியும் அதுதான்.

நான் கையைக் காட்டினேன், இறங்குங்கோ என்று. அவர் தலையசைத்து மறுத்தார். அவர் காதில் அந்தச் சொல் விழுந்தால் அந்த நிமிஷமே அவருக்குத் துடக்கு. அவர் நிற்கிற களத்துக்குத் துடக்கு. அந்தப் பொலியில் முதல் பெருவாயன் பிள்ளையாருக்கு. அது படைக்க முடியாமல் போனால், எங்கள் ஆட்கள் மற்ற நெல்லையும் வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள். மழை வேறு காத்துக்கொண்டு நின்றது.

"மேல குடுங்க தம்பி," என்றார்.

கொடுத்தேன்.

"பொலி! பொலி!"

அந்தக் குரலை நான் இன்றைக்கும் கேட்கிறேன். களத்தில் நின்ற எல்லாருடைய கண்ணும் தூசியில் கலங்கியிருந்தது. அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. ஆருடையது எது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

வெயில் சாயும்வரை அவர் இறங்கவில்லை. பொலியைக் கூட்டிக் குவித்து, சாம்பலால் குறி போட்டு, உச்சியில் அரிவாளைக் குத்தி வைத்த பிறகு, கோட்டைத் தாண்டி வெளியே போனார். வாய்க்காலில் காலும் முகமும் கழுவினார். யோகனுக்கு முன்னால் போய் நின்றார்.

"இப்ப சொல்லுங்க."

யோகன் சொன்னான். அண்ணை வரம்பில் குந்திவிட்டார். 

5

ஆஸ்பத்திரி விறாந்தையில் கோமதி தாயின் உடம்பைப் பார்த்துக்கொண்டு தனியே இருந்திருக்கிறாள். யோகனை அனுப்பியவளும் அவள்தான். நாங்கள் போய்ச் சேரும்போது பொழுது பட்டுவிட்டது. தகப்பனைக் கண்டதும் அவள் அழவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு யோகனிடம் கேட்டிருக்கிறாள். அவன் கண்டதைச் சொல்லியிருக்கிறான்.

"கொப்பர் என்னைக் காக்க வைச்சிட்டு, பொலி பொலி எண்டு கூவிக்கொண்டு நிண்டவர்."

அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் ஊர் அதை எடுத்துக்கொண்டது. ஒருவர், பெண்சாதி செத்த செய்தி கேட்டும் நெல் தூற்றிய மனுஷன் என்றார். இன்னொருவர், அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம், என்றார். அந்தியேட்டிக் கிரியை கழிந்த கையோடு செல்லம்மாவின் தங்கை வந்து கோமதியை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. அவள் தகப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் அவர் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, மேல நிக்கையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒங்களுக்கும் தெரியும். வெளிய விட்டுடாதீங்க. தெரிஞ்சுகிட்டு நின்னேன்னு ஆச்சுன்னா அந்த நெல்லுக்குத் தீட்டு. புள்ளையாருக்கு எப்படிப் பொங்குவீங்க? அந்தக் கொட்டில் புள்ளைங்க என்னத்தத் தின்னும்?"

"கோமதிக்காவது சொல்ல வேணும் அண்ணை."

"அது சின்னப்புள்ள. என்ன வெறுத்துட்டுப் போகட்டும். கொட்டில் புள்ளைங்க வயிறு காயாம இருந்தாச் சரி."

பிள்ளையாருக்குப் பொங்கினேன். நாலு குடும்பமும் எங்கள் வீடும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம். நிரோசன் அந்தச் சோற்றில் வளர்ந்தவன். அடுத்த வருஷம் நாங்கள் கொழும்பு போய் இந்த நாட்டுக்கு வந்தோம். பிறகு எங்கள் ஊரே இடம்பெயர்ந்தது. அண்ணை புதுக்குடியிருப்புக்கு அப்பால் ஒரு கொட்டிலில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டோம்.

6

அந்தத் தாள் வந்த கிழமையே வவுனியாவிலிருந்து மச்சான் ரெலிபோன் எடுத்தான்.

"அத்தான், மாரியண்ணைக்குக் கண்ணிலை வெள்ளை படர்ந்திட்டுது. ஆஸ்பத்திரியிலை வெட்டுறதுக்குப் பாஸ் கிடைச்சு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடுக்கக் கொமினிக்கேசன் கடைக்குக் கூட்டிக்கொண்டு வாறன். மகளோடை ஒருக்காக் கதைக்க வேணுமாம். கண் போக முந்திக் கதைக்க வேணும் எண்டுறார். கண்ணாலையோ கதைக்கிறது எண்டு கேட்டன், சிரிக்கிறார்."

வன்னியை விட்டு வெளியே வர அனுமதியான பாஸ் எடுத்து, சுற்றுவழியால் வந்து, நாள் முடியத் திரும்பிப் போக வேண்டும். இன்னொரு முறை கிடைக்குமோ தெரியாது. கோமதி தகப்பனுக்குத் தன் இலக்கம் கொடுக்கவில்லை. கூப்பிடப்போவது எங்கள் வீட்டுக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தத் திதியும். பூவும் வாங்கி வைத்திருந்தேன். பொட்டலம் கட்டப் போனவன் விட்டுவிட்டேன். சிவப்பு வந்தாலும் சொல்லத்தான் போகிறேன் என்று மனசுக்குள் தெரிந்தபிறகு, சுவாமியிடம் கேட்பது மரியாதை இல்லை. இரண்டு நிறப் பூவையும் சேர்த்துப் படத்துக்குச் சாத்தினேன். குற்றம் இருந்தால் என் தலையில் இருக்கட்டும் என்று கும்பிட்டேன்.

சொற்தாளைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்று கோமதியைக் கூப்பிட்டேன். வந்தாள். தாளில் கடைசிச் சொல்லைக் காட்டி, அது பிழை என்றேன்.

"பிழையில்லை மாமா. நான் என்ரை அனுபவத்தாலை எழுதினனான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மேலே உங்களுக்குச் சொன்னது போலவே சொன்னேன். தண்ணீர் கேட்டதைச் சொன்ன இடத்தில் அவள் முகம் மாறியது. ஆனால் நான் எதிர்பார்த்தது போல அவள் உருகிவிடவில்லை.

"அப்ப தெரிஞ்சுதான் நிண்டவர்."

"ஓம் பிள்ளை."

"உங்கட பிள்ளையளுக்குச் சோறு வேணும் எண்டு நிண்டவர்."

"ஓம்."

"நான் அங்கை அம்மாவோடை தனிய இருந்தனான் மாமா. ஈ மொய்க்குது எண்டு என்ரை சட்டையாலை விசிறிக்கொண்டு இருந்தனான். அதுக்கு உங்கட களத்திலை என்ன சொல் இருக்கு?"

 மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் இருந்தா. நிரோசன் தன் அறைக் கதவை மெல்லச் சாத்தினான்.

ரெலிபோன் அடித்தது. நான் எடுத்தேன். மச்சான் இரண்டு சொல் சொல்லிவிட்டுக் கொடுத்தான். பிறகு அந்தக் குரல்.

"தம்பிங்களா? நல்லா இருக்கீங்களா? புள்ள இருக்கா?"

நான் றிசீவரைக் கோமதிக்கு முன்னால் நீட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே ஒவ்வொரு நிமிஷத்துக்கும் காசு ஓடும்.  கடைசியில் வாங்கிக் காதில் வைத்தாள். அங்கிருந்து "யாரு? கோமதியா?" என்று கேட்பது எங்களுக்கும் கேட்டது.  

பிறகு கோமதி கேட்டாள்:

"அப்பா, வெயிலுக்குள்ளாலை வந்திருக்கிறீங்கள். தண்ணி குடிச்சீங்களோ?"

 வவுனியாத் தெருவில் ஏதோ வாகனம் ஹோர்ன் அடிப்பது மட்டும் கேட்டது.

"குடிச்சேம்மா. கடைக்காரப் புள்ள குடுத்துச்சு. இப்பதான் குடிச்சேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் மனைவியும் எழும்பிக் குசினிக்குப் போனோம்.

7

அடுத்த சனிக்கிழமை நிரோசன் புதுத் தாள் கொண்டுவந்தான். பொலி என்ற சொல்லுக்கு நேரே இடம் வெறுமையாக இருந்தது. அடியில் அதே கையெழுத்தில், "அப்பா அம்மாவிடம் கேட்டு எழுதவும்" என்று இருந்தது. அவன் பேனையோடு வந்து எனக்கு முன்னால் இருந்தான். இரண்டு வரியில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இவ்வளவையும் எழுதினேன்.

மாரிமுத்து அண்ணைக்குக் கண் வெட்டியாகிவிட்டது. சொன்னதற்கு என்னை மன்னிப்பாரோ தெரியாது. பிள்ளையார் அந்தப் பொங்கலை அன்றைக்கே ஏற்றுக்கொண்டார் என்று நான் நம்புகிறேன். கோமதி தகப்பனை மன்னித்தாளோ என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தன் ரெலிபோன் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறாள்.

ஊரில் இருக்கிறவர்களே, இதை வாசித்தால் மற்றவர்களுக்கும் சொல்லுங்கோ. ஆனால் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கோ. செய்தி கேட்டும் நின்றார் என்று ஒருவர் சொன்னார். செய்தி தெரியாமல் நின்றார் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டும் உண்மைக்குப் பக்கத்து வீடுகள். நடந்தது இவ்வளவுதான்: மாரிமுத்து அண்ணை தண்ணீர் குடிக்கச் சொன்னார். யோகன் வேண்டாம் என்று தலையாட்டினான். பிறகு அண்ணை, "மேல குடுங்க தம்பி" என்றார்.

அப்படியே சொல்லுங்கோ.